மகன் வீட்டுக் குளிரும் ரீச்சர் வீட்டு வெயிலும்

வீட்டுச் சூடு, குளிர், பில் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் இந்த முறை வந்தது ஆறு பக்கம். கோடு போட்ட கொப்பித் தாளில் ஓரம் விட்டு எழுதப்பட்டிருந்தது. கடைசித் தாளில் அடிமட்டம் வைத்துக் கீறிய ஓர் அட்டவணை. எழுதியவர் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தனியாக வசிக்கும் 71 வயதான ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மகன் ரொறன்ரோவில் பழைய வீடொன்றில் குடும்பத்தோடு இருக்கிறார். 2023 இலையுதிர்காலத்தில் அந்த வீட்டுக் கூரைப் பரணில் வெப்பக்காப்புப் பஞ்சு நிரப்பினார். அதற்கு முந்திய குளிர்காலத்தில், ஒக்ரோபர் தொடக்கம் ஏப்ரல் வரை, 2,500 கனமீற்றர் எரிவாயு செலவாகியிருந்தது. பஞ்சு நிரப்பிய பிறகு வந்த முதற் குளிர்காலத்தில் அது 1,950 ஆக இறங்கியது. 22 சதவீதம் மிச்சம் என்று மகனுக்குப் பெருமை. “அந்த வருடம் பனியே கொட்டவில்லை, அதனால்தான்” என்று மருமகள் மறுத்தார். அடுத்த குளிர்காலத்தில் செலவு 2,275 ஆக ஏறியது. மிச்சம் 9 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. பஞ்சு இறுகிவிட்டது, கம்பனி ஏமாற்றிவிட்டது என்று மகன் இப்போது முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறார்.

அந்த இரண்டாவது குளிர்காலத்தில்தான் ரீச்சர் பத்து வாரம் அங்கே போய் நின்றார். “வழமையாக 21 இல் வைக்கும் வீட்டுச் சூட்டை எனக்காக 23 இல் வைத்தார்கள். செலவு ஏறியதற்கு நான்தான் காரணமோ என்று மனம் அரிக்கிறது. வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை” என்று எழுதியிருக்கிறார்.

கடிதத்தின் மற்றப் பாதி இங்கேயுள்ள வீட்டைப் பற்றியது. முன்பக்கம் தகப்பனார் காலத்து ஓட்டு வீடு. பின்னால் பிறகு கட்டிய இரண்டு அறைகளுக்குக் கொங்கிறீற் மேல்தட்டு. குசினியோடு ஒட்டிய சாய்ப்பான பத்திக்கு அஸ்பெஸ்ரஸ் (கல்நார்) சீற். ரீச்சர் படுப்பது பின்னறையில். அங்கேதான் குளிரூட்டியும் இருக்கிறது. ஆனால் பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வரும் ஏறத்தாழ நாற்பது இரவுகள்தான் அது ஓடும். சாதாரண மாதத்தில் 70 அலகு மின்சாரம் போகும் வீட்டில் பிள்ளைகள் நின்ற மாதம் 265 அலகு வந்தது. வீடு முழுவதற்கும் சீலிங்குக்கு மேல் கண்ணாடிப் பஞ்சு விரித்தால் பில் பாதியாகக் குறையும் என்று ஒரு முகவர் வந்து ஐந்தரை இலட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார். மகன் ஒரு கணக்கும் அனுப்பியிருக்கிறார்: “ரொறன்ரோவுக்கு 3,600 பாகை நாள், யாழ்ப்பாணத்துக்கு 3,650. இரண்டும் ஒன்றுதான் அம்மா. இங்கே மிச்சம் வந்தால் அங்கேயும் வரும்.” (பாகை நாள் என்றால் என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.) பணத்தைக் கொடுப்பதா, விடுவதா என்பதே ரீச்சரின் கேள்வி.

ரீச்சர், வணக்கம். உங்கள் அட்டவணை என் வேலையில் பாதியைச் செய்துவிட்டது. மாதவாரியான கனமீற்றர் அளவும், ஜூலையில்கூட 50 கனமீற்றர் போகிறது என்ற குறிப்பும் அதில் இருக்கின்றன. இப்படி எழுதி வைத்திருப்பவர்கள் என்னிடம் அரிதாகத்தான் வருகிறார்கள். அந்த அட்டவணையில் இல்லாதது ஒரே ஒரு நிரல்: எந்தக் குளிர்காலம் எவ்வளவு குளிராக இருந்தது என்பது.

குளிரால் வகுக்காத மிச்சம்

இரண்டு வகுப்புகளின் மொத்தப் புள்ளிகளை மட்டும் பார்த்து எந்த வகுப்பு கெட்டிக்கார வகுப்பு என்று நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்த பிறகுதான் பேசியிருப்பீர்கள். எரிவாயு பில்லும் அப்படித்தான். அதை வகுக்க வேண்டியது குளிரால்.

குளிரை எண்ணுவதற்குத்தான் பாகை நாள் என்ற அலகு. கனடாவில் 18 பாகை செல்சியஸை அடியாக வைக்கிறார்கள். ஒரு நாளின் உச்ச வெப்பநிலையையும் தாழ்ந்த வெப்பநிலையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அந்த நாளின் சராசரி. அந்தச் சராசரி 18 இற்கு எத்தனை பாகை கீழே இருக்கிறதோ, அந்த நாளுக்கு அத்தனை பாகை நாள். சராசரி 3 பாகை என்றால் 15. பூச்சியத்துக்குக் கீழே 7 என்றால் 25. 18 ஐத் தாண்டினால் ஒன்றுமில்லை. குளிர்காலம் முழுவதற்கும் இதைக் கூட்டினால் அந்தக் காலத்தின் மொத்தக் குளிர் ஒரே எண்ணாகக் கைக்கு வரும்.

வீட்டுக்குள் 21 வைத்துவிட்டு ஏன் 18 இலிருந்து எண்ணுகிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். மிச்ச மூன்று பாகையை மனிதர் உடம்பும், அடுப்பும், குளிர்சாதனப் பெட்டியும், ஜன்னலால் வரும் வெயிலும் கொடுத்துவிடும் என்பது கணக்கு. பிரித்தானியாவில் 15.5 ஐ அடியாக வைக்கிறார்கள். ஆகவே இலண்டன் எண்ணையும் ரொறன்ரோ எண்ணையும் பக்கத்தில் வைத்து யாராவது வாதாடினால் முதலில் அடி என்ன என்று கேளுங்கள்.

இனி மகனின் கணக்கு. ஜூலையில் வீட்டைச் சூடாக்கத் தேவையில்லை. அந்த 50 கனமீற்றர் குளிக்கும் சுடுநீருக்கும் சமையலுக்கும் போனது. ஏழு மாதத்துக்கு 350. அதைக் கழித்துவிட்டால் சூட்டுக்கு மட்டும் போனது முறையே 2,150, 1,600, 1,925 கனமீற்றர்.

கீழே பாகை நாட்களைக் கணக்குப் புரிவதற்காக வட்டமான எண்களாக வைக்கிறேன். சரியான எண்களை மகன் தன் வீட்டுக்கு அண்மையிலுள்ள வானிலை நிலையத்தின் பதிவிலிருந்து எடுத்துப் போட வேண்டும். கனடாவின் சுற்றுச்சூழல் அமைச்சு ஒவ்வொரு நிலையத்துக்கும் நாள்வாரியாக அதை இலவசமாக வெளியிடுகிறது. பஞ்சுக்கு முந்திய குளிர்காலம் 3,600, அடுத்தது 3,200, அதற்கடுத்தது 3,700 என்று வைத்துக்கொள்வோம். வகுத்துப் பாருங்கள். பஞ்சுக்கு முன் ஒரு பாகை நாளுக்கு 0.597 கனமீற்றர். பஞ்சு நிரப்பிய முதல் வருடம் 0.500. அடுத்த வருடம் 0.520.

அதாவது மிச்சம் முதல் வருடம் 16 சதவீதம், இரண்டாவது வருடம் 13. மகன் சொன்ன 22 இலிருந்து 9 இற்கு விழுந்த கதை எங்கே போனது? அதில் பெரும்பங்கு வானிலையின் வேலை. 2023–24 குளிர்காலம் கனடா முழுவதற்குமாகப் பார்த்தால் 1948 இல் தொடங்கும் தேசியப் பதிவுகளிலேயே மிகச் சூடானது. சராசரியை விட ஏறத்தாழ 5 பாகை கூட. மகன் பஞ்சை நிரப்பியது அந்தக் குளிர்காலத்துக்கு முன்னால். வானம் செய்த உதவியையும் பஞ்சின் கணக்கில் வரவு வைத்துவிட்டார். அடுத்த வருடம் வானம் தன் உதவியைத் திருப்பி எடுத்துக்கொண்டபோது பஞ்சு கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்.

மருமகள் சொன்னதும் முழுச் சரியில்லை. முதல் வருடம் குளிர் குறைவுதான். ஆனால் குளிர் குறைந்ததற்கு வேண்டியதைக் கொடுத்த பிறகும் 16 சதவீதம் எஞ்சுகிறது, அது பஞ்சினுடையது. இன்னொன்று: அவர் பார்த்தது கொட்டிய பனியை. பனி கொட்டாத வறண்ட கடுங்குளிர் நாட்களும் உண்டு, பூச்சியத்தை ஒட்டிய மிதமான நாளில் முழங்கால் வரை பனி கொட்டுவதும் உண்டு. மண்வாரியைப் பார்த்துக் குளிரை அளக்க முடியாது.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். டொலரில் ஒப்பிட வேண்டாம். அங்கே எரிவாயு பில்லில் சேர்ந்திருந்த கார்பன் கட்டணம் 2025 ஏப்ரல் 1 உடன் நீக்கப்பட்டது. அதற்குப் பின் வரும் பில் குறைந்திருந்தால் அதற்குப் பஞ்சைப் பாராட்ட முடியாது. கனமீற்றரைப் பார்க்கட்டும். நீங்கள் அனுப்பியது கனமீற்றர்தான், அதற்காக மீண்டும் ஒரு முறை நன்றி.

அந்த நாலு சதவீதம்

0.500 இற்கும் 0.520 இற்கும் இடையில் 4 சதவீத வித்தியாசம் இருக்கிறது. அது யார்? ரீச்சர், மறைக்காமல் சொல்கிறேன், அது பெரும்பாலும் நீங்கள்தான்.

நீங்கள் நின்ற வாரங்களில் வெளியே சராசரி பூச்சியத்துக்குக் கீழே மூன்று என்று வைத்தால், 18 ஐ அடியாக வைத்த கணக்கில் நாளுக்கு 21 பாகை நாள். வீட்டுச் சூட்டை இரண்டு பாகை கூட்டியதால் அது 23 ஆகிறது. அந்தப் பத்து வாரத்துக்கு ஏறத்தாழ 10 சதவீதம் கூட. பருவம் முழுவதற்கும் தேவையான சூட்டில் ஏறத்தாழ 40 சதவீதம் அந்தப் பத்து வாரத்தில்தான் செலவாகும். ஆகவே பருவத்துக்கு 4 சதவீதம். கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. கனமீற்றரில் சொன்னால் 75 அளவில் வரும். அங்கே நாலு பேர் வெளியே போய் ஒரு நேரம் சாப்பிடும் காசுகூட இல்லை. பேரப்பிள்ளைகளோடு பத்து வாரம் நின்றதற்கு இது அதிகமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வாய்விட்டுக் கேட்கத் தயக்கமென்றால் இந்தப் பந்தியை அப்படியே மருமகளுக்கு அனுப்பிவிடுங்கள். ஆனால் மிச்சம் 22 இலிருந்து 9 ஆனதற்கு நீங்கள் காரணம் என்றால் அது அபாண்டம்.

முறைப்பாடு எழுதும் முன்

மகன் முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். பொதுவாக அதில் இருப்பது பஞ்சின் கனமும் ஆர் பெறுமானமும்தான், பில் இத்தனை சதவீதம் குறையும் என்ற உறுதி இருக்காது. ஆர் பெறுமானம் என்பது வெப்பம் போவதை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. அதை இரண்டு மடங்காக்கினால் சீலிங்கால் போகும் வெப்பம் பாதியாகும். ஆனால் சீலிங் வீட்டின் ஒரு பக்கம் மட்டுமே. சுவர், ஜன்னல், நிலக்கீழ் அறை, இடுக்குகள் எல்லாம் முன்போலவே வெப்பத்தை விட்டுக்கொண்டுதான் இருக்கும். பரணில் மட்டும் கைவைத்துப் பாதிப் பில்லை எதிர்பார்ப்பது ஒரு பாடத்தில் மட்டும் கவனம் செலுத்திவிட்டு எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ எதிர்பார்ப்பது போல. 16 சதவீதம் மோசமில்லை.

மகன் ஒரு விளக்கோடு பரணுக்குள் தலையை நீட்டட்டும். ஊதி நிரப்பும் பஞ்சு என்றால் மரச்சட்டங்களில் ஆங்காங்கே கடதாசி அடிமட்டம் அறைந்திருப்பார்கள். ஒப்பந்தத்தில் எழுதிய உயரத்துக்குப் பஞ்சு நிற்கிறதா, மூலைகளில் மெலிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். உயரம் குறைவென்றால் படம் எடுத்து, தாராளமாக முறைப்பாடு செய்யலாம். உயரம் சரியென்றால் பில்லைக் காட்டிச் சண்டை பிடிக்க வழியில்லை. கம்பனிக்காரர் குளிர்காலக் கணக்கை எடுத்து முன்னால் வைத்தால் மகனால் பதில் சொல்ல முடியாது.

அவர் செய்யக்கூடிய இன்னொரு வேலைக்குச் செலவே இல்லை. காற்றடிக்கும் குளிர் நாளொன்றில் சாமியறை ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திப் பரண் மூடியின் விளிம்பு, ஜன்னல் ஓரம், கதவின் அடி, சுவரிலுள்ள மின்செருகிகள் அருகே பிடிக்கட்டும். புகை நேரே எழாமல் சாய்ந்து ஓடினால் அங்கே காற்றுப் போகிறது. நானும் சில காலம் அந்த ஊரில் வீடுகளின் வெப்பக் கசிவைப் பார்க்கும் இந்தத் தொழிலைச் செய்தவன். பல ஆயிரம் டொலருக்குப் பஞ்சு நிரப்பிய பரணின் மூடி ஒரு விரற்கடை இடைவெளியோடு சும்மா கிடப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஒரே எண், வேறு ஊர்

இனி நம் ஊருக்கு வருவோம். மகன் அனுப்பிய 3,650 ஐப் பார்த்துச் சிரித்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். பெருக்கல் சரி. யாழ்ப்பாணத்தின் வருடச் சராசரி 28 பாகை அளவில். அதில் 18 ஐக் கழித்தால் 10. 365 ஆல் பெருக்கினால் 3,650. ஆனால் இந்த எண் வீட்டை 18 பாகைக்குக் குளிரூட்டுபவருக்கானது. அதுவும் எல்லா அறைகளையும் இரவு பகலாக, வருடம் முழுவதும், கதவு ஜன்னலைச் சாத்திவைத்து. உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. தை மாதம் விடியற்காலை 22 பாகை வந்தாலே காதைச் சுற்றித் துணி கட்டுகிறவர்கள் நாம். “தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். 18 ஐ அடியாக வைத்து யாழ்ப்பாணத்துக்குக் குளிர்க் கணக்குப் பார்த்தால் வருவது பூச்சியம். நமக்குக் குளிர் என்பது அந்த அடிக்கும் மேலே நடக்கிற சங்கதி.

ரொறன்ரோவில் வீடு ஏழு மாதம் இரவு பகலாகச் சூடாக்கப்படுகிறது. உள்ளே 21, வெளியே பூச்சியத்துக்குக் கீழே 9 என்றால் பஞ்சின் இரு பக்கத்துக்கும் 30 பாகை வித்தியாசம். வெப்பம் கூரை, சுவர், நிலம் என்று எல்லாப் பக்கத்தாலும் வெளியே ஓடப் பார்க்கிறது. இங்கே குளிரூட்டி போட்ட அறையில் 26, வெளியே நண்பகலில் 33. ஏழு பாகைதான். காற்றின் சூட்டை மட்டும் பார்த்தால் நமக்குப் பஞ்சே தேவையில்லை.

நம் எதிரி தலைக்கு மேல் நிற்கும் வெயில். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சிக்கு வருகிறது, ஓகஸ்ட் கடைசியில் மறுபடியும் வருகிறது. அந்த நாட்களில் நண்பகலில் சுவரில் வெயில் படுவதே இல்லை, முழுவதும் கூரையில் இறங்குகிறது. பழுப்பேறிய சீற்றின் மேற்பரப்பு 60 பாகை வரை போகும். அந்தச் சூடு கீழே வருவது காற்றாக அல்ல, சூடான காற்று மேலேதான் போகும். அடுப்பு நெருப்புக்கு முன்னால் நின்றால் முகத்தில் படுமே, அந்த மாதிரிக் கதிராக இறங்குகிறது.

உங்கள் வீட்டின் மூன்று கூரைகளும் மூன்று விதம். ஓடு வேகமாகச் சூடேறி வேகமாக ஆறும். பொழுது பட்டு ஒரு மணி நேரத்தில் முன்னறை இருக்கத்தக்கதாகிவிடும். கொங்கிறீற் தட்டு பகல் முழுவதும் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு பின்னேரத்திலிருந்து இரவு வரை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். போன சித்திரையில் ஒரு வீட்டில் இரவு ஒன்பது மணிக்குக் கதிரையில் ஏறித் தட்டின் அடியில் உள்ளங்கையை வைத்தேன். தோசைக்கல்லை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் ஆன பதம். அந்த வீட்டு ஐயா மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு, காற்றே வரவில்லை என்று மின்விசிறியைத் திட்டிக்கொண்டிருந்தார். அது அந்தத் தட்டின் சூட்டைத்தான் அவர் மேல் வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

ஐந்தரை இலட்சம்

கொடுக்க வேண்டாம். ஏன் என்று போட்டுப் பார்ப்போம். குளிரூட்டி ஒரு இரவுக்கு 6 அலகு, நாற்பது இரவுக்கு 240. பஞ்சு அதில் கால்வாசியை மிச்சம் பிடிக்கிறது என்று தாராளமாகவே வைப்போம்: 60 அலகு. அலகுக்கு நூறு ரூபாய் என்று வேண்டுமென்றே கூட்டிப் போடுவோம்: வருடத்துக்கு 6,000 ரூபாய். ஐந்தரை இலட்சம் திரும்பி வர ஏறத்தாழ 92 வருடம். பேரனுக்குப் பேரன் வந்துதான் வரவு வைக்க வேண்டும்.

முகவர் சொன்ன ‘பாதி’யை எழுத்தில், கையொப்பத்தோடு கேட்டுப் பாருங்கள். தரமாட்டார். பொய்யான உறுதி கூறிப் பொருள் விற்பதைப் பற்றி முறையிடப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் அதற்குரியது. பணம் கொடுக்காத வரைக்கும் உங்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

பில்லைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைகள் வந்த மாதம் ரூபாய்த் தொகை அலகுகளை விடப் பல மடங்கு பாய்ந்திருக்கும். இங்கே வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் அலகின் விலை கூடுகிறது, நிலையான கட்டணமும் கூடுகிறது. அதற்கு மேல் கட்டணத் திருத்தங்கள்: 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் 66 சதவீதம் ஏறியது. 2025 ஜனவரியில் 20 சதவீதம் இறங்கி ஜூனில் 15 சதவீதம் ஏறியது. இந்த ஆட்டத்தில் போன வருடப் பில்லோடு இந்த வருடப் பில்லை வைத்து எதையும் நிறுவ முடியாது. மகனுக்குக் கனமீற்றர் போல உங்களுக்கு அலகு.

கண்ணாடிப் பஞ்சுக்கு நம் ஊரில் வேறு வில்லங்கமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டு வீடு எங்கேயாவது ஒரு துளி ஒழுகாமல் இருக்காது. நனைந்த பஞ்சு வெப்பத்தைத் தடுக்காது, சீலிங்கையும் ஊற வைக்கும். மரநாயும் எலியும் அதைத் தங்களுக்கு விரித்த மெத்தையாகவே எடுத்துக்கொள்ளும். கனடாவில் பஞ்சுக்குக் கீழே, அறைப் பக்கமாக, ஈரம் புகாத பிளாஸ்ரிக் தாள் விரிப்பார்கள். அங்கே நீராவி உள்ளிருந்து வெளியே போவதால் அது சரி. இங்கே குளிரூட்டி போட்ட அறைக்கு ஈரம் வருவது வெளியிலிருந்து. அதே தாளை அதே பக்கத்தில் விரித்தால் ஈரம் பஞ்சுக்குள் அகப்பட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். மகன் அனுப்பும் காணொளிகளைப் பார்த்து மேசனிடம் வேலை சொல்லிவிடாதீர்கள்.

செய்யக்கூடியவை

முதலாவது, கட்டிலை மாற்றுங்கள். பங்குனி முதல் புரட்டாதி வரை ஓட்டுப் பக்க முன்னறையில் படுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் தெற்குப் பக்க ஜன்னலையும் அதற்கு எதிரேயுள்ள ஒன்றையும் திறந்து வைத்தால் மின்விசிறி மூன்றில் போதும். குளியலறை பின்னறையோடு இருப்பதால்தான் அங்கே படுக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரவில் எழும்பி நடக்கும்போது விழாமல் இருக்க நடைபாதையில் ஒரு சிறு விளக்கு போட்டால் அதற்கும் வழி கிடைக்கும். காலில் தடுமாற்றம் இருந்தால் மட்டும் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். விழுந்தெழும்புவதை விடச் சூடு பரவாயில்லை.

இரண்டாவது, மேல்தட்டுக்குச் சுண்ணாம்பு. தட்டைக் கூட்டிக் கழுவிக் காயவிட்டு இரண்டு பூச்சு. கறுத்துப்போன கொங்கிறீற் விழும் வெயிலில் பெரும்பங்கை விழுங்குகிறது, புதுச் சுண்ணாம்பு பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். வாடைமழை ஒவ்வொரு வருடமும் அதைக் கழுவிவிடும், ஒவ்வொரு வருடமும் பூச வேண்டும் என்பதுதான் குறை. பணம் இருந்தால் வெயில் தெறிக்கும் வெள்ளைப் பூச்சு வாங்கலாம், சில வருடம் தாங்கும். மாலையில் தட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். குளிரும், ஆனால் நம் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரை அப்படி இறைக்க எனக்கு மனம் வராது.

மூன்றாவது, ஓட்டுப் பக்கம். வீடு முழுவதற்கும் வேண்டாம், முன்னறைக்கும் நடுக் கூடத்துக்கும் மட்டும். ஓடு பிரித்து மேயும்போது ஓடு தாங்கும் சலாகைக்குக் கீழே அலுமினியத் தாள் விரிக்கச் சொல்லுங்கள். தாளுக்கும் சீலிங்குக்கும் இடையில் காற்றுவெளி இருக்க வேண்டும். பளபளக்கும் பக்கம் கீழே பார்க்கட்டும். வெயிலைப் பார்த்தபடி மேலே வைப்பதுதான் சரி என்று வேலைக்காரர் வாதாடுவார். மேலே வைத்தால் ஒரே வருடத்தில் தூசி படிந்து பளபளப்பு போய்விடும். கீழே பார்த்தால் தூசி தங்காது, தாள் சூடேறினாலும் அந்தச் சூட்டைக் கதிராகக் கீழே விடாது. முகட்டின் இரு முனைச் சுவர்களிலும் காற்றுப் போகத் துவாரம் வைத்து, வெளவால் புகாமல் வலை அடிக்க வேண்டும். நம் பாட்டன்மார் பனையோலையால் வேய்ந்த வீட்டில் இதெல்லாம் தானாகவே இருந்தது. அடுக்கடுக்கான ஓலைகளின் நடுவில் காற்று, முகட்டில் இடைவெளி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேய வேண்டிய வேலைக்கு ஆள் கிடையாமல்தான் நாம் சீற்றுக்கு மாறினோம்.

அந்தச் சீற் பத்தியைத் தொடாதீர்கள். வெள்ளை பூசுகிறேன் என்று யாராவது கம்பித் தூரிகையால் காய்ந்த சீற்றைத் தேய்த்தால் உடனே நிறுத்துங்கள். துளைப்பதும் அறுப்பதும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் எல்லா வகைக் கல்நாரையும் புற்றுநோய் உண்டாக்குவதாகவே வகைப்படுத்தியிருக்கிறது, ஆபத்து மூச்சில் போகும் தூசியில். உடையாமல் இருக்கிற சீற் உடையாமலே இருக்கட்டும். அங்கே வெயில் தாங்கவில்லையென்றால் மேலே படாமல் ஒரு பந்தல் போட்டுப் பாஷன் கொடியை ஏற்றிவிடலாம்.

பின்னறையின் மேற்குச் சுவரைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. மாலை வெயில் அதில் படுகிறதென்றால் இரண்டடி தள்ளி ஒரு கிடுகுத் தட்டி போதும்.

நான் சொன்ன வேலைகளுக்கு முகவர் கேட்டதில் சிறு பங்குதான் வரும். இதனாலும் பில் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் மாதம் 70 அலகில் குறைப்பதற்கு அங்கே அதிகம் ஒன்றுமில்லை. குறையப்போவது இரவு ஒன்பது மணிக்குத் தட்டு உங்கள் மேல் இறக்கும் சூடு. அதை ரூபாயில் மகனுக்குக் கணக்குக் காட்ட முடியாது. காட்டவும் தேவையில்லை, வீட்டில் இருப்பவர் நீங்கள்.

ஓட்டு வேலையை மாசியில் தொடங்கச் சொல்லுங்கள், மழை முழுவதும் ஓய்ந்திருக்கும். சுண்ணாம்பைப் பங்குனி நடுவுக்குள் பூசிவிடுங்கள். வருடப்பிறப்புக்கு மேசனும் உதவியாளரும் ஊருக்குப் போய்விட்டால் சூரியன் உச்சிக்கு வந்து நிற்கும்போது உங்கள் தட்டு கறுப்பாகவே கிடக்கும்.